அனாமத்துக் கணக்கு

திருவல்லிக்கேணி மேன்ஷனில் என் ரூம்மேட் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி. சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர். ராத்திரி பத்து மணியானால் கட்டிலோரம் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவார். அந்தப் பத்து நிமிஷமும் நான் வாயை மூடிக்கொண்டு ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். (மேன்ஷன் ஃபேன் நன்றாகவே பேசும், சார்!)

போன மாசம் ஒருநாள். மணி பத்து. தம்பி போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

"என்ன தம்பி, இன்னிக்கு லீவா?"

"ராஜினாமா அண்ணாச்சி."

விஷயம் இதுதான். அவருடைய அப்பாவுக்குப் பக்கவாதம். கை கால் ஓரளவு தேறிவிட்டது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. பதினாலு மாசம்!

"பெருசா ஒண்ணும் கேக்கலை. அப்பா என் பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடணும். அவ்வளவுதான். எத்தனை நாள்தான் சுவரைப் பார்த்துப் பேசுறது?"

நமக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்து அரைமணி நேரம் பதில் வராவிட்டாலே பி.பி. ஏறுகிறது. இவருக்கு ஒரு டிக்காவது விழுந்ததா என்றே தெரியவில்லை!

ஊர்க் கோயில் ஐயர் (போதகரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) லூக்கா 18-ஆம் அதிகாரத்து விதவையைச் சொல்லித் தேற்றியிருக்கிறார். விடாமல் நச்சரித்தே, கடவுளுக்குப் பயப்படாத நீதிபதியிடம் நியாயம் வாங்கிய பெண்மணி.

"அவளுக்கு முதல்ல 'முடியாது'ங்கிற பதிலாவது கிடைச்சுது. எனக்கு அதுவும் இல்லையே" என்றார் தம்பி.

நான் படித்த வேதம் பி.காம்.தான். அதனால் அன்னை தெரசா கதையைச் சொன்னேன்.

1946 செப்டம்பரில் டார்ஜிலிங் போகிற ரயிலில், ஏழைகளிடையே போய் உழைக்கும்படி இயேசு தன்னை அழைப்பதாக உணர்ந்தார் அந்த அம்மா. 1948-ல் கல்கத்தா சேரியில் வேலையை ஆரம்பித்தார். அதற்கப்புறம்? உள்ளே ஒரே இருட்டு! ஜெபித்தால் வெறுமை. 1958-ல் ஒரு மாசம் போல வெளிச்சம். பிறகு மறுபடியும் கரண்ட் கட். 1979-ல் நோபல் பரிசு வாங்கியபோதும் அதே நிலைமைதான். 1997-ல் கண்மூடும் வரை, கிட்டத்தட்ட ஐம்பது வருஷம்.

கூடவே இருந்த சிஸ்டர்களுக்குத் தெரியாது. ஒருசில குருமார்களுக்கு மட்டும் எழுதினார். அந்தக் கடிதங்களையும் அழித்துவிடச் சொன்னார். 2007-ல் அவை புத்தகமாக வந்தபோது, 'அப்போ எல்லாம் வேஷமா?' என்று கேட்டவர்களும் உண்டு. பதிலே வராத இடத்தில் ஐம்பது வருஷம் தினமும் விடியற்காலையில் போய் உட்கார வேஷத்தால் முடியுமா, சார்?

"அவங்க ஆர்.சி., புனிதர். நான் சி.எஸ்.ஐ., அக்கவுண்ட்ஸ் கிளார்க்" என்றார் தம்பி.

சரி, நம்ம லைனுக்கே வந்தேன்.

"ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகலைன்னா என்ன பண்ணுவீங்க? லெட்ஜரைக் கிழிச்சிடுவீங்களா?"

"சே! வித்தியாசத்தை அனாமத்துக் கணக்குல வச்சிட்டு மேல எழுதுவோம்."

"டேலி ஆயிடுச்சுன்னு பொய் எழுதுவீங்களா?"

"அது எப்படி? தப்பு ஆப்பிடற வரைக்கும் அனாமத்துலதான் நிக்கும்."

"அதேதான் தம்பி. பதில் வந்துட்டதா நடிக்கவும் வேண்டாம், புஸ்தகத்தை மூடவும் வேண்டாம்."

"கோபம் வருதே... அதை என்ன பண்ண?"

"அதையும் அவர்கிட்டயே சொல்லுங்க. சிலுவையில இயேசுவே ஏன் கைவிட்டீர்னு கேட்டவர்தானே? புகார்தான். ஆனா, யார் மேல புகாரோ அவர்கிட்டயேதான் சொன்னார்."

தம்பி பேசவில்லை. எனக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. தினமும் எட்டு மணிக்கு ஊருக்குப் போன் போடுவார். அம்மா போனை அப்பா காதில் வைப்பார். பஸ் கூட்டம், மெஸ் சாம்பார், மேனேஜர் எரிச்சல் என்று இவர் மட்டும் பேசுவார். அந்தப் பக்கம் சத்தமே இருக்காது.

"அப்பா பதில் சொல்லலைன்னு போனை நிறுத்தலியே, ஏன்?"

"எப்படி அண்ணாச்சி நிறுத்த முடியும்? கேட்டுக்கிட்டுத்தானே இருப்பாரு..."

சொன்னவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். நான் லைட்டை அணைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் கிறீச்சிட்டது. முழங்கால் தரையில் பட்ட சத்தம் கேட்டது.

அப்பா இன்னும் பேசவில்லை. தம்பி ஜெபம் சில நாள் பத்து நிமிஷம், சில நாள் ரெண்டே நிமிஷம். சண்டை போடுகிற மாதிரி கேட்கிற நாளும் உண்டு.

அனாமத்துத் தொகை அப்படியே நிற்கிறது. புஸ்தகம் திறந்திருக்கிறது.