எங்கள் பாதைக்கு உங்கள் ஓட்டு எதற்கு?

போன கிராம சபையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஒரு ஊராட்சி. ஊரின் பெயர் வேண்டாம். இந்தக் கரையோரத்தில் எந்தப் பெயரை வைத்தாலும் பொருந்தும். காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை ஊர்த் தெருவின் ஒரு முனையைத் தொட்டுத்தான் போகிறது. அந்த வழியாக நம் பிணம் போகக் கூடாது என்பது பழைய ஏற்பாடு. மழைக்காலத்தில் இடுப்பளவுத் தண்ணியில் இறங்கித்தான் பாடையைத் தூக்கிப் போகிறோம். பாதையைத் திறந்துவிடச் சொல்லி மனு கொடுத்தோம். மனு படிக்கப்பட்டது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதுல என்னப்பா சண்டை? ஜனநாயகம்தானே? ஓட்டுக்கு விட்டுருவோம். வேணாங்கறவங்க கையத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. யாரும் எண்ணவில்லை. எண்ண வேண்டிய தேவையும் இல்லை. ஊர்ப் பக்கம் நாலு தெரு, நம்ம பக்கம் ஒரு தெரு. அந்த ஒரு தெருவிலும் பாதிப் பேர் விடியுமுன்பே பாத்தியில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற ஆயா ஒருத்தர் கேட்டார்: "நான் செத்தா எந்த வழியா போவணும்னு இவங்க கையத் தூக்கிச் சொல்லுவாங்களா?"

அன்றிரவு படிப்பு வட்டத்தில் இதே பேச்சுதான். கல்லூரியில் படிக்கும் தம்பி சொன்னான்: "அமெரிக்காவுல, சுவிட்சர்லாந்துல மக்களே நேரா ஓட்டுப் போட்டுச் சட்டம் கொண்டு வராங்க தோழர். கட்சிக்காரன நம்பறதுக்கு அது மேல் இல்லியா?" இன்னொரு தோழர் கொதித்தார்: "இனிமே கிராம சபைப் பக்கமே தலை வைக்கக் கூடாது." இரண்டு பேரின் ஆத்திரமும் நியாயமானது. ஆனால் இரண்டு முடிவும் தவறு என்று நினைக்கிறேன்.

நம் உரிமையை அடுத்தவன் கையில் எண்ணுவது புதிய தந்திரம் அல்ல. 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம். தனி வாக்காளர் தொகுதியை நாம் இழந்தோம். அதே ஆண்டு முடிவதற்குள் மலபாரின் பொன்னானி தாலுகாவில் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். குருவாயூர்க் கோயிலுக்குள் தீண்டப்படாதவர்களை விடலாமா, கூடாதா என்பதுதான் கேள்வி. ஓட்டுப் போட்டது யார்? கோயிலுக்குள் போக ஏற்கெனவே உரிமை பெற்றிருந்த சாதி இந்துக்கள். யாருடைய நுழைவு பற்றிய கேள்வியோ அவர்களுக்கு ஓட்டு இல்லை. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 77 விழுக்காட்டினர் 'விடலாம்' என்றார்கள். பெரிய வெற்றி என்று கொண்டாடவும் செய்தார்கள். கோயில் திறந்ததா? இல்லை. 1947 வரை திறக்கவில்லை. ஆக, அவர்களுடைய பெரும்பான்மை 'வேண்டாம்' என்றால் கதவு மூடியிருக்கும். 'சரி' என்றாலும் மூடியே இருக்கும்.

அடுத்து மத்திய சட்டமன்றத்தில் ரங்க ஐயரின் மசோதா வந்தது. அந்தந்த வட்டாரத்துப் பெரும்பான்மை விரும்பினால் கோயிலைத் திறக்கலாம் என்றது அது. 1933 பிப்ரவரியில் அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரிக்க மறுத்தார். தீண்டாமையைப் பாவம் என்று அந்த மசோதா சொல்லவே இல்லை என்று சுட்டிக்காட்டினார். பெரும்பான்மையோர் பழகிவிட்டார்கள் என்பதற்காக ஒரு பாவம் சகிக்கத்தக்கதாக ஆகிவிடாது என்பது அவர் வாதம். 1938-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவை ராஜாஜி அரசு ஆதரிக்கவில்லை. பதிலுக்கு அது கொண்டுவந்த மலபார் ஆலயப் பிரவேசச் சட்டத்திலும் சாதி இந்துக்களின் வாக்கெடுப்புத்தான் திறவுகோல். நம் ஊராட்சி மேசையில் கேட்ட குரல் எவ்வளவு பழையது, பாருங்கள்.

இனி தம்பி சொன்ன அமெரிக்காவுக்கு வருவோம். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்க்கக் கூடாது என்று 1963-இல் கலிஃபோர்னியா சட்டம் போட்டது. 1964 நவம்பரில் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்க '14-ஆம் முன்மொழிவு' மக்கள் ஓட்டுக்கு வந்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் வென்றது. சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜான்சனுக்கும் அதே மாநிலம் அதே நாளில் பெரும்பான்மை கொடுத்தது. தலைவன் சமத்துவம் பேசலாம், பக்கத்து வீட்டில் கறுப்பர் வரக் கூடாது! கடைசியில் 1966-இல் மாநில உச்ச நீதிமன்றமும் 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும்தான் அதைச் செல்லாது என்றன. சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று 1959-இல் ஆண்களிடம் கேட்டார்கள். 'வேண்டாம்' என்றார்கள். 1971-இல்தான் அதே ஆண்கள் மனமிரங்கினார்கள்.

அப்படியானால் நேரடி ஓட்டே மோசமா? இல்லை. 2013-இல் ஒடிசாவின் நியம்கிரி மலையைப் பாருங்கள். பாக்சைட் தோண்ட வந்தது வேதாந்தா. உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. மாநில அரசு நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் 12-ஐ மட்டும் பொறுக்கியெடுத்தது. அந்தப் பன்னிரண்டும் 'முடியாது' என்றன. மலை பிழைத்தது. அங்கே கை தூக்கியவர்கள் தம் சொந்த வாழ்விடத்துக்காகத் தூக்கினார்கள். இங்கே அடுத்தவனுடைய பிணத்தை மறிக்கத் தூக்கினார்கள். இரண்டையும் 'ஜனநாயகம்' என்ற ஒரே சொல்லால் அழைக்க முடியுமா?

பொதுவான விஷயத்தை, அதனால் பாதிக்கப்படுகிறவர்கள் எல்லாரும் சமமாக உட்கார்ந்து ஓட்டுக்கு விடலாம். எந்தத் தெருவில் முதலில் குழாய் போடுவது, எந்தக் குட்டையைத் தூர்வாருவது என்பதெல்லாம் அப்படிப்பட்டவை. ஒருவன் மனிதனா என்பதை ஓட்டுக்கு விட முடியாது. அரசியல் பெரும்பான்மை மாறக்கூடியது. சாதிப் பெரும்பான்மை பிறப்பிலேயே வருவது, எந்தத் தேர்தலிலும் தோற்காது என்று 1947-இலேயே அம்பேத்கர் எச்சரித்தார். நாலு தெருவும் ஒரு தெருவும் என்கிற கணக்கு அதுதான்.

சட்டமும் நம் பக்கம்தான். 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடப்பிலிருக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, தலித் ஒருவர் சுடுகாட்டையும் பொதுப் பாதையையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம். அன்று அந்தக் கூட்டத்தில் நடந்தது ஓட்டெடுப்பு அல்ல, ஒரு குற்றத்தைச் செய்யலாமா என்று கேட்டு வாங்கிய சம்மதம்.

இன்னொன்று. கிராம சபையில் கை தூக்குவது எல்லார் கண்ணுக்கும் தெரியும். வாக்குப் பெட்டி போல ரகசியம் கிடையாது. 2013 ஏப்ரல் 25 அன்று இதே மரக்காணத்தில் நம் மக்களின் வீடுகள் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். காலையில் யாரிடம் கூலிக்குப் போக வேண்டுமோ அவர் முன்னால் எதிர்த்துக் கை தூக்குவது லேசுப்பட்ட காரியமா?

இவ்வளவையும் சொல்லிவிட்டு நம்மையும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம். நம் தெருக் கூட்டத்தில் பெண்களின் கை எண்ணப்படுகிறதா? புதிரை வண்ணார் வீட்டுக் கை? அங்கே நாம்தான் பெரும்பான்மை. அவர்களுடைய உரிமையை நம் கையால் தீர்மானிக்க நமக்கு மட்டும் என்ன அதிகாரம்?

ஆகவே தோழர்களே, கிராம சபையைப் புறக்கணிக்க வேண்டாம். மரக்காணம் பேரூராட்சிக்குள் இருக்கும் உப்பளத் தொழிலாளிக்குக் கிராம சபையே கிடையாது. இருக்கிற ஊர்க்காரர்கள் அதை விட்டுத்தர வேண்டாம். அளத்து வேலைக்குப் போகிறவர்களும் வரும்படி நேரம் வைக்கச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுப்போம். பாத்தியில் குடிதண்ணீர், நிழல், பெண்களுக்குக் கழிப்பிடம் ஆகியவற்றைத் தீர்மானமாக்குவோம். பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். பாதை விவகாரத்தை மட்டும் அங்கே கெஞ்சப் போவதில்லை. புகார் எழுதியாயிற்று. கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். அந்த ஆயாதான் முதல் கைநாட்டு வைத்திருக்கிறார்.