துருவும் பாசியும் படமாகலாம், ஆனால்...

பாசி படிந்த கல், காரை பெயர்ந்த சுவர், துருப்பிடித்த கதவு இவற்றையே தேடித் தேடிப் படம் பிடிக்கும் மோகம் காமிராக்காரர்களிடையே வளர்ந்திருக்கிறது. "இந்தப் பாழில் என்ன அழகைக் கண்டார்கள்?" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். நான் காமிராக்காரர்கள் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை: படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது, சாட்சி சொல்லவும் வேண்டும்.

திருத்தணிக்குப் போகிறவர்கள் 365 படியேறி முருகனைத் தரிசித்துவிட்டு, நேரே பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ விரைகிறார்கள். அதே ஊரில் வீரட்டானேசுவரர் கோயில் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவ மன்னன் அபராஜிதன் காலத்தில், நம்பி அப்பி என்பவர் கருங்கல்லால் எடுப்பித்த கோயில் அது. படுத்திருக்கும் யானையின் முதுகுபோல வளைந்த விமானம். தூங்கானை மாடம் என்பார்கள். மன்னன் தானே பாடிய வெண்பா ஒன்றும் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அரசர்களின் மெய்க்கீர்த்திகள் ஏராளம். அரசனே எழுதிய வெண்பா அபூர்வம் அல்லவா!

இத்தனை காலம் வெயிலும் மழையும் பட்ட கல்லுக்கு வரும் நிறத்தை எந்தப் பெயிண்டும் தராது. ஆனால் கும்பாபிஷேகம் என்றாலே எனக்கு உள்ளூர ஒரு பயம். பழைய கோயில்கள் பலவற்றில் 'பளிச்சென்று' இருக்கட்டும் என்று மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்தார்கள். அழுக்கு போயிற்று, கூடவே கல்லின் தோலும் போயிற்று, எழுத்தும் மழுங்கிற்று.

சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, அவற்றை ஒட்டிச் சுமார் 19 அடி நீளச் சுருளாக்கினார். அவருக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கல் அன்று இருந்த நிலைக்கு அந்தச் சுருள் சாட்சி.

இரும்பின் சங்கதி வேறு. செம்பில் ஏறும் பச்சைக் களிம்பு உள்ளேயிருக்கும் செம்பைக் காக்கும். இரும்பின் துருவோ பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடுத்த அடுக்கையும் ஈரக்காற்றுக்குத் திறந்துவிடும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் சிமெண்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறினால் தூணே வெடிக்கும். படியோரக் கைப்பிடியில் செம்மண் நிறத்தில் துரு படர்ந்திருந்தால் தாராளமாகப் படம் பிடியுங்கள். அதைப் பிடித்து மலையேறும் கிழவியையும் நினைத்து, படத்தின் ஒரு பிரதியைக் கோயில் அலுவலகத்திலும் கொடுத்துவிடுங்கள்.

தனுஷ்கோடியையும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊரின் இடிந்த மாதா கோயிலைப் படமெடுக்காதவர் இல்லை. படங்கள் அழகானவை, வாஸ்தவம். ஆனால் புயலைப் பற்றி, கடல் கொண்டுபோன ஜனங்களைப் பற்றி, கீழே ஒரு வரிகூட இல்லாத படங்கள்தாம் அதிகம். அவற்றைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை.

ஆடிக் கிருத்திகைக்குக் காமிராவோடு திருத்தணி போகும் அன்பர்கள் காவடிக் கூட்டத்தை எடுத்த பிறகு, அரைமணி நேரம் வீரட்டானேசுவரர் கோயிலுக்கும் ஒதுக்குங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு, கல்வெட்டுகளைக் காலைச் சாய்வெயிலில் எடுங்கள். வெட்டுப் பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் எழுத்து துலங்கும். படத்தின் பின்னால் ஊர், சுவர், தேதி மூன்றையும் எழுதி வையுங்கள்.