பழுது யாரிடம்?

விஞ்ஞானம் என்றால் அணுவைப் பிளந்ததையும் சந்திரனில் மனிதன் கால் வைத்ததையும் எழுதுவதே ஆண்டு மலர்களின் வழக்கம். நான் எடுத்துக்கொண்ட பொருளோ தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பாட்டுக் கருவி. நேற்றுவரை கம்ப்யூட்டரோடு இணைத்த மாத்திரத்தில் பாட்டுகளை ஏற்றிக்கொண்ட கருவி, சாஃப்ட்வேர் அப்டேட் ஒன்று முடிந்த மறுநாள் ‘நீ யாரென்றே தெரியாது’ என்பதுபோல் கிடக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இதெல்லாம் ஒரு பொருளா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்த வேளையில் நம் மனத்தில் முதலில் எழுகின்ற எண்ணம் எது என்று சற்றே நினைத்துப் பாருங்கள். “நான்தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டேன்.” இந்த எண்ணம் இருக்கிறதே, இது அற்பமானதன்று.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பேங்கில் பணம் எடுக்கும் இயந்திரமானாலும் சரி, ரேஷன் கடையில் விரல் வைக்கும் இயந்திரமானாலும் சரி, அது மறுத்தால் குற்றம் நம்முடையது என்றே எண்ணிப் பழகியவர்கள் எங்கள் வீட்டார். பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்த பொருளில் பிழை இருக்குமா என்பது அவர்கள் கேள்வி. இருக்கும் என்பது என் துணிபு. ஒன்றிரண்டு சான்றுகள் தருகிறேன்.

2006-ஆம் ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘சூன்’ என்ற பாட்டுக் கருவியை வெளியிட்டது. 2008 டிசம்பர் 31 அன்று, 30 ஜிகாபைட் சூன் கருவிகள் எல்லாம் ஒருசேர உறைந்து நின்றன. வைத்திருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். காரணம் என்ன தெரியுமா? உள்ளே கடிகாரத்தை நடத்தும் நிரல், 1980 முதல் கடந்த நாட்களை எண்ணி வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு 365 வீதம் கழித்துக்கொண்டே வரும். மீதி 365-க்குள் வந்துவிட்டால் வேலை முடிந்தது. லீப் ஆண்டாயின், மீதி 366-ஐத் தாண்டியிருந்தால்தான் கழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மீதி சரியாக 366 என்று நின்றால்? 365-ஐவிட அதிகம், ஆகவே வட்டத்தைவிட்டு வெளியே வராது. 366-ஐத் தாண்டவில்லை; ஆகவே கழிக்கவும் கழிக்காது. செக்குமாடுபோல் சுற்றிக்கொண்டே இருக்கும். 2008 லீப் ஆண்டு. டிசம்பர் 31 அதன் 366-ஆம் நாள். நிறுவனம் சொன்ன வைத்தியம் அதைவிட வேடிக்கை: பேட்டரி முழுவதும் தீரும்வரை விட்டுவிடுங்கள், ஜனவரி 1 அன்று கிரீன்விச் நேரப்படி நண்பகலுக்குப் பிறகு சார்ஜ் ஏற்றுங்கள், சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவும் ஆயிற்று! அப்டேட்டால் வந்த கோளாறு அன்று இது. ஆயினும் நம் முதலாண்டு மாணவன் ஒருவன் தாளில் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்திருக்கக்கூடிய பிழை, அத்தனை பெரிய நிறுவனத்தின் வாசலைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி அப்டேட்டுக்கு வருவோம். ‘சிங்க்’ என்பது பாட்டுகளைக் கருவிக்குள் கொட்டுவது மட்டும்தான் என்று பலர் எண்ணியிருக்கிறோம். நம் கல்லூரி நூலகத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். புத்தகம் அலமாரியில் இருக்கும், பதிவேட்டில் ஏறியிராது. கேட்டால் ‘அப்படி ஒரு புத்தகம் இல்லை’ என்பார்கள். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாடும் அப்படித்தான். பாட்டுகள் உள்ளே எஃப்00, எஃப்01 என்ற அறைகளில் நான்கெழுத்துப் பெயர்களோடு கிடக்கும். கருவி படிப்பது பதிவேட்டைத்தான். அந்தப் பதிவேட்டை எழுதும் உரிமை ஐடியூன்ஸ் என்ற சாஃப்ட்வேருக்கு. 2007 செப்டம்பரில் வந்த ஐபாட் கிளாசிக்கிலும் மூன்றாம் தலைமுறை நானோவிலும் பதிவேட்டின் மீது ஒரு கணக்கு முத்திரையையும் குத்தினார்கள். முத்திரை பொருந்தாவிட்டால், பாட்டுகள் அத்தனையும் உள்ளே இருந்தும் கருவி ‘பாட்டு எதுவும் இல்லை’ என்று சாதிக்கும். லினக்ஸில் இயங்கிய இலவச சாஃப்ட்வேர்களால் பாட்டு ஏற்றிவந்தவர்கள் திடீரென்று வெளியே நிறுத்தப்பட்டார்கள். சில நாட்களிலேயே அந்த முத்திரையின் கணக்கைச் சில கெட்டிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

2009-இல் நடந்த கூத்து இன்னும் வெளிப்படையானது. ஜூன் மாதம் பாம் நிறுவனத்தின் ‘பிரீ’ என்ற கைபேசி, தன்னை ஐபாட் என்று ஐடியூன்ஸிடம் சொல்லிக்கொண்டு பாட்டு ஏற்றியது. ஜூலையில் வந்த ஐடியூன்ஸ் அப்டேட் கதவை அடைத்தது. அதே மாதத்தில் பாம் தன் அப்டேட்டால் கதவைத் திறந்தது. செப்டம்பரில் ஐடியூன்ஸ் 9 மீண்டும் அடைத்தது. யூ.எஸ்.பி. விதிகளை வகுக்கும் அமைப்பிடம் பாம் முறையிட, ஆப்பிளின் அடையாள எண்ணை நீ பயன்படுத்தியதே தவறு என்று அது பாமையே கண்டித்தது. சட்டப்படி யார் சரி என்பது எனக்கு முக்கியமில்லை. இரண்டு யானைகள் முட்டிக்கொண்ட அந்த மாதங்களில், இரவு அப்டேட் செய்துவிட்டுக் காலையில் ஒயரை மாட்டிய சாமானியன் ஒருவன் தன் கையையே நொந்துகொண்டிருப்பானே, அவன் என்ன பிழை செய்தான்?

கதவை அடைக்காமல், இடத்தை மட்டும் மாற்றுவதும் உண்டு. 2019 அக்டோபரில் வந்த மேக் கம்ப்யூட்டரின் கேட்டலினா அப்டேட்டில் ஐடியூன்ஸ் என்பதே மறைந்து, சிங்க் செய்யும் வேலை ஃபைண்டருக்குப் போயிற்று. தெரிந்தவனுக்கு அரை நிமிட வேலை. தெரியாதவனுக்கு ஒரு வாரத் தவிப்பு.

என் அனுபவமும் ஒன்று உண்டு. என் தாய்மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கருவி அது. கம்பெனிப் பெயர் வேண்டாம். அவர் ஊருக்கு வந்தபோதெல்லாம் பாட்டி பேசுவதை அதிலுள்ள மைக்கில் பிடித்து வைத்திருந்தார். பாட்டி இப்போது இல்லை. அந்தக் குரலும் வேறெங்கும் இல்லை. அதை எடுத்து வைக்கலாம் என்று நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். முந்தின வாரம்கூட ஏற்றுக்கொண்ட கம்ப்யூட்டர், அப்டேட் முடிந்திருந்த அன்று மௌனம் சாதித்தது. “உன் கை பட்டுத்தான் கெட்டுப்போச்சு போல” என்றார் அம்மா. மாமா போனில், “என்ன மாப்ளே, காலேஜ்ல படிக்கிற, உனக்கே தெரியலியா?” என்றார். மூன்று நாள் மாலைப்பொழுது செலவாயிற்று. தெருமுனை ஜெராக்ஸ் கடையில், பல ஆண்டுகளாக எந்த அப்டேட்டையும் காணாத ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் மாட்டியதும் கருவி உயிர்பெற்றது! ஆக, கருவியிலும் பழுதில்லை, ஒயரிலும் பழுதில்லை, என் கையிலும் பழுதில்லை. பிறகு கருவியின் செட்டிங்ஸில் யூ.எஸ்.பி. முறையை எம்.டி.பி.யிலிருந்து எம்.எஸ்.சி.க்கு மாற்றினேன். நண்பன் வீட்டுப் புதிய கம்ப்யூட்டரும் அதைச் சாதாரண டிஸ்க்காக ஏற்றுக்கொண்டது. எம்.டி.பி. என்பது கவுண்டருக்கு உள்ளே இருக்கும் குமாஸ்தாவிடம் கேட்டு வாங்குவது, எம்.எஸ்.சி. என்பது நாமே அலமாரியைத் திறந்து எடுத்துக்கொள்வது. குமாஸ்தாவின் மொழி அப்டேட்டில் மாறிவிட்டால் அலமாரிப் பக்கம் போவதே வழி.

இயற்பியல் செய்முறை வகுப்பில் பொட்டன்ஷியோமீட்டர் கட்டும்போது, கால்வனாமீட்டர் முள் ஒரே பக்கமாக ஓடினால் என்ன செய்கிறோம்? முனைகளைப் பார்க்கிறோம், மின்கலத்தைப் பார்க்கிறோம், ஒயரைப் பார்க்கிறோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுகிறோம். ‘நீ மக்கு’ என்று எந்த ஆசிரியரும் முள்ளைப் பார்த்த உடனேயே சொல்லிவிடுவதில்லை. அதே பொறுமை இங்கும் போதும். அப்டேட் ஆனது எது? கம்ப்யூட்டரா, பாட்டு ஏற்றும் சாஃப்ட்வேரா, கருவிக்குள் இருக்கும் நிரலா? முதலில் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒயர். சார்ஜ் ஏறுகிறதே, ஒயர் நன்றாகத்தானே இருக்கிறது என்பது பலருடைய வாதம். சாதாரண யூ.எஸ்.பி. ஒயருக்குள் நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. மலிவு ஒயர்கள் சிலவற்றில் பின்னிரண்டும் இருப்பதே இல்லை! ஒயரையும் மாற்றி, துளையையும் மாற்றி, கருவியையும் ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தபின் வேறொரு கம்ப்யூட்டர். எதைச் செய்தாலும் ‘ரெஸ்டோர்’ என்பதை மட்டும் அவசரப்பட்டு அமுக்காதீர்கள். உள்ளேயுள்ளது அனைத்தும் போய்விடும். ஐபாட் வைத்திருப்போர் வேறொருவர் கம்ப்யூட்டரில் மாட்டும்போது, ‘அழித்துவிட்டு சிங்க் செய்யட்டுமா?’ என்று ஐடியூன்ஸ் பணிவாகக் கேட்கும். அந்தப் பணிவை நம்ப வேண்டாம்.

பாதுகாப்புக்காகத்தானே அப்டேட் தருகிறார்கள், அதைக் குறை சொல்லலாமா என்று கணினித்துறை நண்பர்கள் கேட்கிறார்கள். ஓட்டையை அடைக்கும் அப்டேட் வேண்டியதே, மறுக்கவில்லை. அமெரிக்காவில் ஐபாட் பற்றிய வழக்கு ஒன்றில், 2006-இல் வந்த ஐடியூன்ஸ் 7 உண்மையான முன்னேற்றமே என்று 2014 டிசம்பரில் ஜூரிகள் ஆப்பிளின் பக்கம் தீர்ப்பளித்ததையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஓட்டையை அடைக்கிறேன் என்று வந்த கொத்தனார், வீட்டுக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலையும் சேர்த்து அடைத்துவிட்டுப் போனால் கூலி கொடுப்போமா? இந்த அப்டேட்டுக்குப் பின் இன்னின்ன கருவிகள் இணையமாட்டா என்று ‘சரி’ என்ற பொத்தானுக்கு மேலேயே, நம் தாய்மொழியில், நாலே வரியில் எழுதிவைக்க என்ன தடை?

இன்னொரு சாரார், ஐபாட் உற்பத்தியையே 2022 மே மாதத்தோடு ஆப்பிள் நிறுத்திக்கொண்டது, எல்லாரும் போனிலேயே பாட்டுக் கேட்கிறார்கள், பழையதைத் தூக்கியெறியாமல் ஏன் கட்டி அழுகிறாய் என்கிறார்கள். ரீசார்ஜ் முடிந்தால் ஊமையாகும் பாட்டு எனக்குச் சொந்தமில்லை. பாட்டியின் குரல் எந்தக் கம்பெனியின் பட்டியலிலும் கிடைக்காது. விற்று முடித்த கருவியைக் கைகழுவும் நாளில், அதைச் சாதாரண டிஸ்க்காகத் திறந்து விட்டுவிட்டுப் போவதே விற்றவனின் கடமை என்பேன். அவர்கள் செய்யாததைச் சம்பளமில்லாமல் செய்பவர்களும் இருக்கிறார்கள். 2001-இல் ஸ்வீடன் நாட்டு நிரலாளர்கள் சிலர் ஆர்க்கோஸ் கருவிக்காகத் தொடங்கிய ‘ராக்பாக்ஸ்’ என்னும் இலவச நிரல், பின்னாளில் ஐபாட்கள் பலவற்றிலும் ஓடியது. அதை ஏற்றியபின் பதிவேடும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். பாட்டை ஃபோல்டரில் போட்டால் பாடும்.

நம் கல்லூரியில் யாரிடமேனும், அப்பாவோ அண்ணனோ கொடுத்த பழைய கருவி இணைய மறுத்துப் பெட்டிக்குள் கிடந்தால், வெள்ளிக்கிழமை மாலை இயற்பியல் ஆய்வகத்துப் பக்கம் எடுத்து வாருங்கள். நான்கு கம்பியும் உள்ள நல்ல ஒயர் ஒன்று என்னிடம் இருக்கிறது.