காலடியில் ஊறும் தண்ணீர்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காவிரிக் கடைமடையின் விவசாயத் தொழிலாளர் தெருக்களுக்குத் தண்ணீர் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை, கீழேயிருந்தும் வருகிறது! கூரை ஒழுகினால் பாத்திரத்தை வைத்துப் பிடிக்கலாம். தரையே ஊற்றெடுத்தால் எதை வைத்துப் பிடிப்பது? அரிசி மூட்டை பலகை மேல் ஏறுகிறது. பாய் விரிக்க இடமில்லை. நாளெல்லாம் நடவு நட்டுவிட்டு வந்த பெண்தான் இரவில் சாக்கைப் போட்டு அந்த ஈரத்தை ஒற்றி எடுக்கிறாள். ஆலைத் தொழிலாளியின் லைன் வீட்டில் ஊற்று இல்லாவிட்டால் ஓதம். இடுப்புயரத்துக்கு உப்புப் பூத்து, காரை பொரிந்து உதிர்கிறது. குழந்தைக்கு இளைப்பு.

பள்ளத்துப் பூமி அப்படித்தான், யார் என்ன செய்ய முடியும் என்று நமக்கு உபதேசம் செய்கிறார்கள். இதை நாம் ஏற்க முடியாது.

செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அவை மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கின்றன. ஈரம் காய்கிறது, அது கொண்டுவந்த உப்பு சுவரில் தங்கிக் காரையைப் பெயர்க்கிறது. இதைத் தடுக்கும் வித்தை கொத்தனார்களுக்குத் தெரிந்ததுதான். சுற்றுத் தரையைவிட ஒன்றரை அடியாவது பேஸ்மட்டம் உயர வேண்டும். சுவர் எழுப்புமுன் அதன்மேல் ஒன்றரை அங்குல கனத்தில் கான்கிரீட் பட்டை போட்டுத் தார் பூசினால் ஓதம் அங்கேயே நின்றுவிடும். கண்டிராக்டர் மிச்சம் பிடிக்க நினைத்தால் முதலில் கை வைப்பது இந்தப் பட்டையில்தான். ஏனெனில், பூச்சு முடிந்தபின் அது வெளியே தெரியாது! வெள்ளையடித்துத் திறப்பு விழாவும் நடந்துவிடும். குட்டு வெளிப்படுவது மழைக்காலத்தில்தான்.

இது புதிய கதையல்ல. 1845-ல் வெளியான தம் நூலில் எங்கெல்ஸ், லிவர்பூல் நகரில் 7,862 நிலவறைகளில் 45,000-க்கும் அதிகமான ஜனங்கள் ஈரத்தில் வாழ்ந்ததைக் கணக்கோடு எழுதினார். மான்செஸ்டரில் ஒரு கைத்தறி நெசவாளி தரையிலிருந்த துவாரத்தைக் களிமண்ணால் அடைத்தும் பயனின்றி, தினமும் காலையில் வீட்டுத் தண்ணீரை இறைத்துத் தெருவில் கொட்டியதையும் எழுதினார். உலகுக்கே துணி நெய்து கொடுத்த நகரம் அது!

நம் நாட்டில் மேட்டு நிலம் யாருக்குப் போயிற்று, பள்ளம் யாருக்கு வந்தது? மிராசுதாரின் வீடு மேட்டில். பண்ணையாளின் குடிசை வயலோரப் பள்ளத்தில். 1971-ன் குடியிருப்புச் சட்டம் அந்த மனைக்கு உரிமை தந்தது, பெரிய வெற்றிதான். ஆனால் மனையின் மட்டம் உயரவில்லை. சென்னையிலும் இதே நியாயம்தான். குடிசைவாசிகளை நகரின் நடுவிலிருந்து பெயர்த்துப் பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த செம்மஞ்சேரியில் கொண்டுபோய் வைத்தார்கள். 2015 வெள்ளத்தில் அந்தக் குடியிருப்பு தண்ணீரில் நின்றது.

2024-ல் தமிழக சர்க்கார் அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3,50,000 ரூபாய். வரவேற்கிறோம். ஆனால் மேட்டு மனைக்கும் அதே தொகை, பள்ளத்து மனைக்கும் அதே தொகை என்றால் நியாயமா? பள்ளத்தில் உள்ளவன் மண்ணடித்து நிரவவே கடன் வாங்க வேண்டும். அந்தச் செலவுக்குத் தனித் தொகை வேண்டும் என்பது நமது உறுதியான கோரிக்கை.

கட்டி முடித்த வீடுகளில் தோழர்கள் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. சுவரை ஒட்டிய மண்ணை வெளிப்புறம் சரியுமாறு கட்டுங்கள். குழாயடித் தண்ணீரும் குளித்த தண்ணீரும் சுவரோரம் தேங்க விடாதீர்கள். உறிஞ்சு குழியைச் சுவரிலிருந்து தள்ளித் தோண்டுங்கள். ஓதம் ஏறிய சுவரில் சிமெண்டைப் பூசிப் பணத்தை வீணாக்க வேண்டாம்; ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புக் காரையே மேல்.

ஆனால் தெரு முழுவதும் பள்ளமாக இருந்தால்? ஒருவர் வெட்டும் வாய்க்கால் அடுத்தவர் வாசலில் போய் நிற்கும். அண்ணன் தம்பிக்குள் சண்டைதான் மிச்சம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டு வீட்டைக் குழிக்குள் தள்ளும் அக்கிரமம் வேறு! சுரண்டிய பிறகே போட வேண்டும் என்று 2021-ல் சர்க்காரே உத்தரவிட்டது. எத்தனை தெருக்களில் அது அமுலாகிறது?

தமிழ்நாட்டில் வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும். மே தினமும் அதில் ஒன்று. அடுத்த சபைக்கு முன் ஒவ்வொரு தெருவிலும் தரை ஊறும் வீடுகள், ஓதம் ஏறிய வீடுகள், ரோட்டுக்குக் கீழே போன வீடுகள் எத்தனை என்று சங்கக் கிளைகள் கணக்கெடுக்கட்டும். தெருவுக்கு வடிகால், மனைக்கு மண், புது வீட்டில் பட்டை போட்டபின் பயனாளிக்குக் காட்டிவிட்டே சுவர் எழுப்புவது ஆகிய மூன்றையும் தீர்மானமாக எழுதி நிறைவேற்றச் செய்ய வேண்டும். லைன் வீடுகளுக்கு ஆலைச் சங்கம் இதே கணக்கோடு நிர்வாகத்திடம் மகஜர் கொடுக்கட்டும். ஐப்பசிக்கு முன் இவ்வேலை முடிய வேண்டும்.