கருணாபுரத்தின் பாடத்தை எழுதப்போவது யார்?

2024 ஜூன் 18ஆம் தேதி இரவு கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள், மறுநாள் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்தார்கள். அடுத்த சில நாட்களில் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கருணாபுரம் எங்கோ காட்டுக்குள் இருக்கும் ஊரல்ல. நகரத்துக்குள்ளேயே, காவல் நிலையமும் நீதிமன்றமும் பக்கத்தில் இருக்கும் இடம். அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போகும் ஆதிதிராவிட மக்கள்.

அதன் பிறகு பல கணக்குகள் எடுக்கப்பட்டன. இறந்தவர்கள் எத்தனை பேர், கைதானவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயும், சிகிச்சை பெற்றவர்களுக்கு 50 ஆயிரம் ரூபாயும் அறிவிக்கப்பட்டன. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒரு நபர் ஆணையம் அமைந்தது. வழக்கை சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ.க்கு மாற்றியது. இவையெல்லாம் தேவையானவை. ஆனால் இன்னொரு கணக்கைப் பற்றி நம்மில் அதிகம் பேர் பேசவில்லை. பிழைத்து வீடு திரும்பியவர்களின் கண் இன்று எப்படி இருக்கிறது? அவர்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனைகள் கற்றுக்கொண்டது என்ன? அது எங்கே எழுதப்படுகிறது?

இந்தக் கேள்விக்குப் பெயர்தான் மருத்துவ ஆராய்ச்சி. அதற்கு நிதி இருக்கிறது. அந்த நிதி யாரைத் தேடி வருகிறது, நம்மைத் தேடி வர நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கிறோம்.

பிழைத்தவர்களின் கண்

மெத்தனால் உள்ளே போனதும் கொன்றுவிடுவதில்லை. கல்லீரல் அதை உடைத்து ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எறும்பு கடித்தால் கடுக்கிறதே, அதே அமிலம்தான். அது ரத்தத்தில் சேரச்சேர மூச்சு வாங்குகிறது. பார்வை நரம்பு கெடுகிறது. இந்த மாற்றத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் இரவு குடித்தவர் நன்றாகத் தூங்கி எழுந்து, பிறகு விழுகிறார். அந்த மாற்றத்தைத் தடுக்க ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. ரத்தத்தில் ஏற்கெனவே சேர்ந்த நஞ்சை அகற்ற டயாலிசிஸ் செய்கிறார்கள். எல்லாமே நேரத்தோடு நடக்கும் போட்டி.

கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் அந்த ஜூன் மாதம் மருத்துவர்களும் செவிலியர்களும் இந்தப் போட்டியில்தான் இரவும் பகலும் ஓடினார்கள். யார் எத்தனை மணி நேரம் கழித்து வந்தார், யாருக்கு எப்போது டயாலிசிஸ் தொடங்கியது, யார் பார்வையோடு திரும்பினார் என்பதெல்லாம் நோயாளிகளின் கேஸ் ஷீட்டில் இருக்கும். போலீஸுக்குப் பயந்து வீட்டிலேயே கிடந்து நேரத்தை இழந்தவர்கள் எத்தனை பேர் என்பது மட்டும் கேஸ் ஷீட்டில் இருக்காது. அதைத் தெருவில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இதைச் செய்து காட்டிய நாடு இருக்கிறது. 2012 செப்டம்பரில் செக் நாட்டில் மெத்தனால் கலந்த மது விற்கப்பட்டு ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். அங்குள்ள பிராக் நகர மருத்துவர்கள் இறந்தவர் கணக்கோடு நிறுத்தவில்லை. பிழைத்தவர்களை ஆண்டுக்கணக்கில் திரும்பத்திரும்ப வரவழைத்துக் கண்ணைப் பரிசோதித்தார்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிறகும் சிலருக்குப் பார்வை நரம்பின் இழைகள் தொடர்ந்து மெலிந்து வந்தது அதில் தெரிந்தது.

இதன் பொருளை நம் ஊருக்குக் கொண்டு வந்து பாருங்கள். அன்று 'பார்வை பரவாயில்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு கூலித் தொழிலாளிக்கு, மூன்று ஆண்டு கழித்துக் கண் மங்கினால் அது எதனால் என்று யார் சான்று சொல்வது? மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் கூடுதல் நிவாரணத்துக்கும் எதைக் காட்டுவது? தொடர்ந்து பரிசோதித்து எழுதி வைத்த ஆவணம்தான் அவருக்குச் சாட்சி. ஆராய்ச்சி என்பது படித்தவர்களின் பட்டத்துக்கான வேலை மட்டுமல்ல. சில நேரம் அது ஏழையின் உரிமைப் பத்திரம்.

பணம் எங்கே இருக்கிறது?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் தனி மாவட்டமானது. சிறுவங்கூரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்று. ஆண்டுக்கு 150 எம்.பி.பி.எஸ். இடங்கள். இளம் கல்லூரி. நோயாளிகளைப் பார்க்கவே நேரம் போதாத இடத்தில் ஆராய்ச்சிக்கு ஏது நேரம் என்று கேட்கலாம். ஆனால் இப்படிப்பட்ட கல்லூரிகளுக்கென்றே திட்டங்கள் இருக்கின்றன.

முதலாவது, மாணவர்களுக்கானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979 முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை வழங்கி வருகிறது. ஒரு பேராசிரியரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, சொந்தக் கல்லூரியிலேயே இரண்டு மாதம் ஒரு சிறு ஆய்வு செய்ய வேண்டும். திட்டத்தை எழுதி இணையத்தில் விண்ணப்பித்து, தேர்வாகி, அறிக்கையும் ஏற்கப்பட்டால் பணம் வரும். முதுகலை மாணவர்களின் ஆய்வேட்டுக்கும் ஐ.சி.எம்.ஆர். தனியாக உதவுகிறது.

இரண்டாவது, கல்லூரிக்கானது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் பல்துறை ஆராய்ச்சிப் பிரிவு தொடங்க மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை 2013 முதல் நிதி தருகிறது. கருவிகளுக்கும் ஆய்வகத்துக்கும் சுமார் 5 கோடி ரூபாய், பிறகு ஊழியர் சம்பளம், ஆண்டுச் செலவு. இதே துறை கிராமப்புற சுகாதார ஆராய்ச்சி மாதிரி மையங்களையும் நடத்துகிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று திருநெல்வேலி மாவட்டம் கல்லூரில், ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒட்டி இயங்குகிறது. ஆராய்ச்சிக்கூடம் நகரத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. கல்லூரில் முடிவது கல்வராயன்மலையின் வெள்ளிமலையில் முடியாதா?

மூன்றாவது, ஆய்வாளருக்கானது. ஐ.சி.எம்.ஆர். அவ்வப்போது தலைப்புகளை அறிவித்து மருத்துவர்களிடமும் பேராசிரியர்களிடமும் ஆய்வுத் திட்டங்களைக் கேட்கிறது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவானது. பட்டியல் சாதி, பழங்குடி ஆய்வாளர்களுக்கென்றே அதில் தனி நிதித் திட்டம் இருக்கிறது.

நான்காவது, மருத்துவர் அல்லாதவர்களுக்கானது. கருணாபுரத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்க சமூகப்பணி படித்தவர் வேண்டும். கணக்குப் பார்க்கப் புள்ளியியல் படித்தவர் வேண்டும். ஆய்வகத்துக்கு நுண்ணுயிரியல் படித்தவர் வேண்டும். இவர்கள் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தால் பட்டியல் சாதி மாணவர்களுக்கும் பழங்குடி மாணவர்களுக்கும் தனித்தனியே தேசிய ஆய்வு உதவித்தொகை உண்டு. மாநில ஆதிதிராவிடர் நலத்துறையும் முழுநேர முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறது. நம் வீட்டில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு வேலை தேடும் பெண்ணுக்கு இதில் இடம் இருக்கிறது.

கதவு திறந்திருந்தும் நாம் உள்ளே போகாததற்குக் காரணம், அது கதவு என்று தெரியாமல் போவதுதான். அறிவிப்பு ஆங்கிலத்தில் வருகிறது. கடைசி நாள் சில வாரங்களில் முடிகிறது. அப்பாவோ மாமாவோ பேராசிரியராக இருக்கும் மாணவனுக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைக்கும் தகவல், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவிக்கு நோட்டீஸ் போர்டில்கூடக் கிடைப்பதில்லை. மாநில இடங்களில் பட்டியல் சாதியினருக்கு, அருந்ததியர் உள்ஒதுக்கீட்டையும் சேர்த்து 18 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம் என்று போராடி வாங்கினோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதமும் வந்தது. இடஒதுக்கீடு வகுப்பறை வரை கொண்டு வந்து விடுகிறது. அங்கிருந்து ஆய்வகத்துக்குப் போகும் சில அடி தூரத்துக்கு யாரும் கைபிடிப்பதில்லை.

'எங்க மேலயா ஆராய்ச்சி?'

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் பேச வேண்டும். 'ஆராய்ச்சி' என்றதும் நம் தெருவில் எழும் முதல் கேள்வி, 'எங்க மேல மருந்து சோதிச்சுப் பாக்கப் போறாங்களா?' என்பதுதான். அந்தப் பயம் அறியாமையால் வந்ததல்ல, வரலாறு கொடுத்தது.

2009-10இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுக்காகச் சிறுமிகளுக்கு ஊசி போடப்பட்டது. கம்மத்தில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய ஒப்புதல் படிவத்தில் பல இடங்களில் விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்டிருந்தார். 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. குறை தடுப்பூசியில் அல்ல. அது இன்று உலகெங்கும் பெண்களைக் காக்கிறது. கேட்காமல் செய்ததுதான் குற்றம்.

எனவே இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஆராய்ச்சி வேண்டும், அது நம்மைக் கேட்டுவிட்டு நடக்க வேண்டும். ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் குழுவின் தலைவர் நிறுவனத்துக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் உறுப்பினராக இருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தை நம் மொழியில் விளக்கிச் சொல்ல வேண்டும். மாட்டேன் என்று சொல்லலாம், பாதியில் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழைகள் கலந்துகொண்ட ஆய்வு ஏழைகளுக்கே பயன்பட்டதும் இந்த மாநிலத்தில்தான். காசநோய் வந்தால் சானடோரியத்தில் படுக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று நிரூபித்தது. கலந்துகொண்டவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். உலகமே தன் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டமும்' அப்படித்தான். எடை குறைவு, கால் வீக்கம், மூச்சுத் திணறல் போன்ற எளிய அடையாளங்களை வைத்து, ஆபத்தில் உள்ள நோயாளியை முதலிலேயே மருத்துவமனையில் சேர்க்கும் முறை அது. அரசு ஊழியர்களின் அன்றாட வேலையிலிருந்தே அதற்கான தரவு வருகிறது.

மலையின் கேள்விகள்

கள்ளச்சாராயச் செய்தி வரும்போதெல்லாம் கல்வராயன்மலை சாராய ஊறல் மலையாகவே பத்திரிகைகளில் வருகிறது. அங்கு வாழும் மலையாளி பழங்குடி மக்களின் சாலை, பள்ளி, மருத்துவமனை பற்றிய கேள்வியை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்ட பிறகுதான் வெளியுலகம் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது.

மலைக்கும் ஆராய்ச்சிக் கேள்விகள் இருக்கின்றன. பாம்புக்கடியை 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவித்தது. ஒவ்வொரு கடியும் இனி பதிவாக வேண்டும். கடிபட்டவர் மலையிலிருந்து விஷமுறிவு மருந்து இருக்கும் இடத்துக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகிறது, எந்த வளைவில் அந்த நேரம் போகிறது என்பதை மலைப்பிள்ளைகளைவிட யார் நன்றாக எழுதிவிட முடியும்? விஷமுறிவு மருந்துக்கான பாம்பு விஷத்தை எடுத்துத் தருவதே, 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம்தான். பழங்குடியின் அறிவு இல்லாமல் அந்த மருந்தே இல்லை.

நாம் கேட்பது

கள்ளக்குறிச்சி மருத்துவக் கல்லூரியில் பல்துறை ஆராய்ச்சிப் பிரிவும், வெள்ளிமலையில் கிராமப்புற ஆராய்ச்சி மையமும் வேண்டும். கருணாபுரத்தில் பிழைத்தவர்களின் கண்ணையும் நரம்பையும் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும்; முடிவை முதலில் அவர்களுக்கே, தமிழில் சொல்ல வேண்டும். நெறிமுறைக் குழுவின் பொதுமக்கள் உறுப்பினர் கருணாபுரத்திலிருந்தோ மலையிலிருந்தோ வர வேண்டும். நிதி அறிவிப்புகளை ஆதிதிராவிடர், பழங்குடியினர் விடுதிகளின் பலகையில் தமிழில் ஒட்ட வேண்டும். சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் கிராம சபையிலும் இதைக் கேட்கலாம். சாலை கேட்பது போலவே இதுவும் கேட்க வேண்டிய ஒன்று.

மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் மருத்துவ ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தை இணையத்தில் கட்டணமில்லாமல் நடத்துகிறது. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். எம்.பி.பி.எஸ். படிப்பவர்கள் நாளைக்கே ஒரு பேராசிரியரிடம் போய், 'சார், இந்த வருஷம் ஐ.சி.எம்.ஆர். மாணவர் ஆய்வுக்கு எனக்கு வழிகாட்டுவீங்களா?' என்று கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டு, கருணாபுரத்தில் இருந்தோ மலையில் இருந்தோ ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்து இந்த மாவட்டம் ஒரு பாடம் கற்றிருக்கிறது. அது கேஸ் ஷீட் கட்டுகளோடு பதிவறையில் மடிந்துவிடக் கூடாது. அடுத்து எந்த ஊரில் இப்படி நடந்தாலும், அங்குள்ள மருத்துவர் எடுத்துப் படிக்கும் பக்கத்தில் கள்ளக்குறிச்சியின் பெயரும், எழுதியவர் பெயராக நம் பிள்ளை ஒருவரின் பெயரும் இருக்க வேண்டும்.