தூய்மை என்னும் பொய்

பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவன் என்ற வகையில், சில சொற்களைக் கண்டவுடன் எனக்கு ஐயம் பிறந்துவிடும். விளையாட்டுப் பக்கங்களில் அடிக்கடி தலைகாட்டும் "தூய்மை" என்ற சொல் அவற்றுள் ஒன்று. "அந்தக் காலத்தில் எவரும் பணத்துக்காக ஆடவில்லை, ஆட்டத்தின் மீதுள்ள காதலால் ஆடினார்கள்" என்று உருகுவோர் சான்றாகக் காட்டுவனவற்றுள், அமெரிக்காவின் கேப் கொட் பேஸ்போல் லீக்கும் ஒன்று.

மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் கடலோரத் தீபகற்பம் கேப் கொட். ஆண்டுதோறும் கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்கள் அங்கே கூடி, ஊர்களின் பெயர் தாங்கிய 10 அணிகளில் ஆடுகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. உள்ளூர்க் குடும்பங்கள் தம் வீடுகளிலேயே தங்கவைத்து உணவளிக்கின்றன. பார்வையாளருக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது. விரும்பியவர் விரும்பியதைக் கொடுக்கலாம். அழகான காட்சிதான். அந்தக் குடும்பங்களின் அன்பை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால், அக்காட்சியைத் தொடக்கம் முதல் இருந்துவந்த மரபாகக் காட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

நெடுங்காலமாக அந்த லீக்கின் சின்னத்தில் "1885 முதல்" என்று பொறிக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு ஜூலை 4 ஆம் திகதி பார்ன்ஸ்ரபிள், சான்ட்விச் ஆகிய இரு ஊர்கள் மோதிய ஆட்டமே அதற்கு ஆதாரம். இரண்டு ஊர்கள் ஒரு திருநாளில் பந்தாடினால் அது லீக் ஆகிவிடுமா? ஃபல்மத், ஒஸ்ரவில், ஹயானிஸ், சற்றம் ஆகிய நான்கு ஊர்கள் முறைப்படி லீக் ஒன்றை அமைத்தது 1923 இல். 2023 இல் அந்த லீக்கே தன் நூற்றாண்டைக் கொண்டாடி, இந்தக் கணக்கைத் தீர்த்துவைத்துவிட்டது.

அந்தத் தொடக்ககால அணிகள் எத்தகையவை? உள்ளூர் இளைஞர், கல்லூரி மாணவர், கூலிக்கு ஆடுவோர் என எல்லோரும் கலந்த அரைத் தொழில்முறை அணிகள். வெற்றி வேண்டுமென்றால் நல்ல ஆட்டக்காரர் வேண்டும். நல்ல ஆட்டக்காரர் வேண்டுமென்றால் காசு வேண்டும். இதில் எவரும் வெட்கப்படவில்லை. பொருளாதார மந்தத்தால் பணம் வற்றியதும், 1939 உடன் அந்த லீக் கலைந்தது. பணமே தீண்டாத விளையாட்டு, பணம் வற்றியதால் எப்படி மடிந்தது? "தூய்மை" பேசுவோர் இதற்கு விடை சொல்லட்டும்.

போருக்குப் பின்னர் 1946 இல் மீண்டும் எழுந்தபோது, அது பெரும்பாலும் உள்ளூரவரின் ஆட்டமாக இருந்தது. கல்லூரி மாணவர் மட்டுமே ஆடலாம் என்ற நிலை, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் அங்கீகாரத்துடன் 1963 இல் வந்தது. ஆகவே, நாம் இன்று காணும் "தூய்மை" ஆதியிலிருந்து வந்ததன்று. அது ஒரு சங்கத்தின் விதிப்புத்தகத்திலிருந்து வந்தது. அந்த விதி, தன் ஊரின் பெயரைச் சட்டையில் தாங்கி ஆடிய உள்ளூர் மனிதனை வெளியே நிறுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இவ்வளவும் ஒரு லீக்கின் பிறப்புச் சான்றிதழ் பற்றிய சச்சரவு மட்டுமே என்றால் நான் எழுதியிருக்கமாட்டேன். இந்தப் பொய்யின் பெயரால் ஒரு மனிதன் பலியிடப்பட்டிருக்கிறான்.

சாக் அன்ட் ஃபொக்ஸ் பூர்வகுடியைச் சேர்ந்த ஜிம் தோர்ப், பென்சில்வேனியாவின் கார்லைல் இந்தியப் பாடசாலையின் மாணவர். அப்பாடசாலை தன் மாணவரைப் பண்ணைகளுக்குச் சொற்பக் கூலிக்கு அனுப்பி வேலை வாங்கியது. அது "பயிற்சி" எனப்பட்டது. அதே தோர்ப் 1909 இலும் 1910 இலும் வட கரோலினாவில் சிறு தொகைக்குப் பேஸ்போல் ஆடினார். அது குற்றமாயிற்று! 1912 ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் அவர் வென்ற இரு தங்கப் பதக்கங்களும் 1913 இல் பறிக்கப்பட்டன. ஆட்சேபனைகளை 30 நாட்களுக்குள் எழுப்பவேண்டும் என்பது அப்போட்டிகளின் விதி. ஏறக்குறைய ஆறு மாதங்கள் கழித்து எழுந்த புகாருக்காக, அந்த விதியையே மறந்தார்கள்.

அக்காலத்தில் கோடையில் காசுக்கு ஆடிய கல்லூரி மாணவர் ஏராளம். அவர்களுட் பலர் புனைபெயரில் ஆடினார்கள். தோர்ப் தன் சொந்தப் பெயரில் ஆடினார். பொய்ப்பெயர் வைத்திருந்தவர்கள் "அமெச்சூர்" ஆகத் தப்பினார்கள். உண்மைப் பெயர் சொன்னவர் அகப்பட்டார். இதை வெளிக்கொணர்ந்தது ஒரு பத்திரிகை என்பதை, இத்தொழில் செய்தவனாகக் கூச்சத்துடன் எழுதுகிறேன். செய்தியில் பொய் இல்லை. ஆனால், எவரும் ஒளிக்காத ஒன்றை அம்பலமாக்கிய அந்த ஆரவாரம், ஒளித்தவர்களைத் தேடிப் போகவில்லை.

தோர்ப் 1953 இல் இறந்தார். 1982 இல்தான் சர்வதேச ஒலிம்பிக் குழு மனமிரங்கியது. அப்போதும் "இணை வெற்றியாளர்" என்றே சொன்னது. தனி வெற்றியாளர் அவரே என்று ஏற்க 2022 வரை சென்றது. 110 ஆண்டுகள்!

இப்போது நிலைமை என்ன? 2021 முதல் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் புகழையும் விற்று உழைக்கலாம். 2025 ஜூலை முதல், விரும்பும் கல்லூரிகள் அவர்களுக்கு நேரடியாகவே பணம் கொடுக்கலாம். வானம் இடிந்து விழவில்லை. ஆட்டம் நிற்கவில்லை. நேற்றுவரை பாவமாக இருந்தது இன்று ஒப்பந்தமாகிவிட்டது.

பணம் விளையாட்டைக் கெடுக்காதா என்று கேட்பீர்கள். கெடுக்கும், கெடுத்தும் இருக்கிறது. ஆனால் "தூய்மை" என்ற விதி பணத்தை ஒருபோதும் வெளியேற்றவில்லை. பணம் மைதானத்தைச் சுற்றி எப்போதும் இருந்தது. பந்தைத் தொட்டவனின் கையில் மட்டும் அது சேரக்கூடாது என்றார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்த விதி ஓர் அலங்காரம். வசதியற்றவனுக்கு அது ஒரு பொறி.

அடுத்தமுறை எவராவது "அந்தக் காலத்துத் தூய்மை" என்று எழுதினால், வாசகர்களே, ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தத் தூய்மைக்கு விலை கொடுத்தவர் யார்?