எண்ணூருக்காகப் பேசுவோர்

ஒருவருக்காக மற்றொருவர் பேசுவது நம் மரபுக்குப் புதிதன்று. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். அவரை அனுப்பியவன் அதியமான். எண்ணூர்க் கழிமுகத்து மக்களுக்காகப் பேசுவோரை அனுப்பியவர் யாவர்?

கொசத்தலையாறு கடலொடு கலக்கும் அப்பகுதியைச் சுற்றி அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் எழுந்துள்ளன. இத்தகைய பெருந்திட்டங்களுக்கு முன் மக்கள் கருத்துக்கேட்பு நடத்த, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வழிசெய்கிறது. ஆயினும், வட்டார மொழியில் தரவேண்டியது அறிக்கையின் சுருக்கம் மட்டுமே. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளோ பெரும்பாலும் ஆடவர் அவைகள். படகும் வலையுமின்றி, இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்கள், அவர்களுள்ளும் பெண்கள், ‘மீனவர்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோகின்றனர். சாம்பல் கலந்த நீரில் நாள்தோறும் நிற்பவர்கள் அவர்களே.

கருநாடக இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணா 2017இல் சென்னைப் பேச்சுத்தமிழில் பாடிய ‘புறம்போக்கு’ப் பாடல் இக்கழிமுகத்தைப் பலரறியச் செய்தது. வெளியிலிருந்து வந்தவர் பாடலாமா எனின், பாடலாம் என்பேன். குரல் கொடுப்பது வேறு; ஒப்புதல் கொடுப்பது வேறு. எந்த நீர்ப்பரப்பை விட்டுக்கொடுப்பது என்பதைப் பாடகரும் முடிவுசெய்ய இயலாது. பஞ்சாயத்துத் தலைவர் தனித்தும் முடிவுசெய்ய இயலாது. முழு அறிக்கையைத் தமிழில் தருவதும், இறால் பிடிப்போர் நீரில் இறங்காத வேளையில் கூட்டத்தை வைப்பதும், அப்பெண்களை முதலில் பேச அழைப்பதும் மாவட்ட நிருவாகத்துக்கு அரிய செயல்கள் அல்ல.